காது வைத்துக் கேட்கும் செம்மல்

வலது காதை மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் அழுத்தி, கண்களை மூடி, இடது கையை உயர்த்திப் பிடித்திருக்கிறார் செம்மல். அந்தக் கை உயர்ந்திருக்கும்வரை கடையில் யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது, செருப்பைத் தேய்க்கக்கூடாது. மேலே சுற்றும் மின்விசிறியையும் அணைத்துவிடுவார். அக்கினி நட்சத்திரம் முடிந்து பத்து நாள்கூட ஆகாத புதுச்சேரி வெயில். மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தின் கோடியில், ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறை. அதில் மூன்று பேர், நான்கு பேர், வேர்த்து வழிய மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

கை இறங்கும்.

"வெசிறியில ஒரு எறகு ஒடஞ்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் ஒடிந்துதான் இருக்கும்.

வயது நாற்பத்து மூன்று. ஒல்லியான உடம்பு. புறங்கையால் மடிக்கணினியைத் தொட்டுப் பார்ப்பார், குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல. அவருடைய பேச்சில் எந்திரங்களுக்குச் சூடு ஏறுவதில்லை, "ஜொரம்" வரும். தூசி அடைப்பதில்லை, "சளி கட்டும்." பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற தேவதாஸ், மகள் பாரீசிலிருந்து அனுப்பிய பழைய மடிக்கணினியோடு வாரம் ஒருமுறை வந்துவிடுவார். பழுது இருக்கிறதோ இல்லையோ, வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இன்னா தொக்தேர், இன்னிக்கி எத்தினி பேசண்டு?" என்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பிரெஞ்சுக்காரன் டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவானாம்.

செம்மலின் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது போனவர். அந்த வீட்டில் இன்றும் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். செம்மலுக்கு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற மெல்லிய குரல். அப்பாவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது கறுப்புச் சட்டையும் கடவுள் மறுப்பும். ஐந்து கறுப்புச் சட்டைகள் வைத்திருக்கிறார், ஆறாவது கிடையாது. கடையில் சாமி படம் இல்லை, ஊதுவத்தி இல்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் கடைக்குப் போனால் ஒரு நாடகமே பார்க்கலாம். விசைப்பலகையில் சந்தனம் அப்பியவர்கள், பக்கவாட்டு ஓட்டையில் குங்குமம் போனவர்கள் என்று வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவரையும் மேசைக்கு அருகே அழைத்து, உள்ளேயிருந்து எடுத்த குங்குமத்தை எல்லோரும் பார்க்க வெள்ளைத் தாளில் கொட்டுவார். "பாத்துக்குங்க. கும்புடறேன்னு மூக்குல மண்ண அடச்சிருக்கீங்க. உங்க மூக்குல அடச்சா சும்மா இருப்பீங்களா?" வந்தவர் அசடு வழிய நிற்பார். தயவு தாட்சண்யம் கிடையாது.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. உரிமையாளர் எதிரில் இல்லாமல் எந்த எந்திரத்தையும் திறக்கமாட்டார். உள்ளிருந்து எடுத்ததைக் காட்டாமல் மூடமாட்டார். எடுத்த பொருள் எதுவானாலும், ஒடிந்த திருகாணியானாலும் செத்த கரப்பான் பூச்சியானாலும், மருந்துக்கடைக் காகித உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது: 'எடுத்ததைப் பார்த்துவிட்டுப் போகவும்.'

வேலை முடிந்ததும் மூடியின் உள்பக்கம் பென்சிலால் தேதியும் 'செ' என்ற எழுத்தும் போடுவார். "என் கை பட்டது அதே வேலைக்குத் திரும்பி வராது. வந்துச்சின்னா, அன்னிக்கே கடைய மூடிட்டு நோணாங்குப்பத்துல தூண்டில் போடப் போயிடுவேன்" என்பது அவருடைய சபதம். பதினாறு வருடமாக அவர் தூண்டில் வாங்கவில்லை.

பின்சுவரில் ஒரு தட்டு. கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வந்து கேட்காத ஏழு மடிக்கணினிகள் அதில் அடுக்கியிருக்கின்றன. அதில் ஒன்று சில மத்தியானங்களில் தானாகவே நீல விளக்கை ஏற்றி, ஒரு நிமிடம் எரிந்து அணையும். நானே இருமுறை பார்த்திருக்கிறேன். "பேட்டரியில மிச்சம் இருக்கும்மா" என்றார் செம்மல். சொன்னாரே தவிர, அதை அவர் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பதையும் பார்த்தேன்.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. என் மடிக்கணினியில் ஒரு விசை அமுங்கியே கிடந்ததால் காலையிலேயே போய் மேசையோரம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் தேவதாஸ், கையில் செய்தித்தாள். பதினொன்றரை மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு பழைய துண்டில் சுற்றிய மடிக்கணினியைத் தன் உடம்பில் படாதபடி தள்ளிப் பிடித்திருந்தாள். பெயர் மேனகா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ண்ணா, போன மாசம் இதுக்கு ரேம் போட்டுக் குடுத்தீங்கல்ல? நாலு இருந்தத பன்னண்டு ஆக்குனீங்க. அன்னிலேர்ந்து இது சரியில்ல. சத்தம் போடுது. கை வைக்க முடியல, கொதிக்குது. அரை மணி நேரத்துல தானா அணஞ்சி போவுது."

"ரேம் கொஞ்சம் கூட்டுனதுக்கு இந்த ஜொரம் வராதும்மா."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நீ பொய் சொல்லல. என் வேலையில தப்பில்லன்னு சொல்றேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்வீங்க. உள்ள ஏதோ திருகாணிய முடுக்காம வுட்டிருப்பீங்க."

செம்மலின் முகம் சுண்டிப்போனது. "என் கை பட்டது திரும்பி வராது தங்கச்சி."

"வந்துடுச்சே ண்ணா. இதோ உங்க எதிர்லயே குந்திக்கினு இருக்குதே!"

வாசலில் தேவதாஸ் சிரித்துவிட்டார். செம்மல் சிரிக்கவில்லை.

மேனகா மளமளவென்று சொன்னாள். மடிக்கணினி அவள் கணவன் செல்வகுமாருடையது. அவன் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு வருடத்துக்கும் மேல் அது மூடியே கிடந்தது. இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அதற்காகத்தான் ரேம் கூட்டினாள். வேலை நடுவே எந்திரம் இருமுறை அணைந்துவிட்டது. இன்று மூன்று மணிக்கு மேலதிகாரி அழைப்பார். அப்போதும் அணைந்தால் வேலை போய்விடும்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொன்னு ண்ணா. சிரிக்காதீங்க. அது போடுற சத்தம் அவரு சத்தம் மாதிரியே இருக்குது. கடைசியில அவருக்கு எளைப்பு வந்துச்சி. இழுப்பாரு... நிக்கும்... மறுபடி இழுப்பாரு. அதே மாதிரி. அதுலேர்ந்து வர்ற காத்துலகூட அவரு வாசம் அடிக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போவுது."

செம்மல் எழுந்து மின்விசிறியை அணைத்தார். மடிக்கணினியை இயக்கினார். குனிந்து காதை வைத்தார். கை உயர்ந்தது.

முதலில் சாதாரண இரைச்சல்தான். இரண்டு நிமிடம் போனதும் அது மாறியது. உள்ளே எதுவோ காற்றை இழுத்தது. இழுத்து, பாதியில் திணறி, நின்றது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அறையில் ஒரு சொட்டு வேர்வை மேசையில் விழுந்த ஓசைகூடக் கேட்டது. பிறகு, நெஞ்சுக்கூட்டின் அடியாழத்திலிருந்து வருவதுபோல, மீண்டும் அந்த இழுப்பு. அம்மம்மா! இருபத்தைந்து வருடமாகத் தொடர்கதைகளில் எத்தனையோ மரணப் படுக்கைகளை எழுதியவள் நான். அப்படி ஒரு மூச்சை எழுதியதில்லை.

சூடான காற்று என் பக்கம் வீசியது. ஒரு வாசனை. தெரிந்த வாசனைதான், பெயர் மட்டும் சிக்கவில்லை.

அரை நிமிடத்தில் நோயைச் சொல்லிவிடும் மனிதர் மூன்று நிமிடம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது கன்னம் சிவந்திருந்தது. விசையை அழுத்தி அணைத்தார். திரை இருண்டது. சத்தம் நிற்கவில்லை. இருண்ட திரைக்குப் பின்னாலிருந்து இன்னும் மூன்று மூச்சு வந்தது. ஒன்று. இரண்டு. நெடுநேரம் கழித்து மூன்று.

மேனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கு வாம்மா," என்றார் செம்மல். "உன் எதிர்லதான் தொறப்பேன். அரை மணி நேர வேல. இப்ப கொதிக்குது, ஆறட்டும்."

பக்கத்து வீட்டில் விட்டு வந்த குழந்தைக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்று அவள் கிளம்பினாள். செம்மல் என் எந்திரத்தை எடுத்துக்கொண்டார். ஆனால், பார்வை நொடிக்கொருமுறை அந்தத் துண்டின் மேல் போய் வந்தது. மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டில் இருந்த அந்த எந்திரம், சுவரைப் பார்த்தபடியே நீலமாக எரிந்து அணைந்தது.

ஒரு மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. அறுபது வயது அம்மாள் ஒருவர். முதலியார்பேட்டையிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறார், உதடு வெடித்திருந்தது. நெற்றி, கழுத்து, இரு கைகள் எங்கும் திருநீற்றுப் பட்டை.

"தம்பி, எம்மருமவ மேனகா காலையில ஒரு பொட்டி குடுத்தாளா? செல்வகுமாரு பொட்டி. நான் அவன் அம்மா, கமலா."

"குடுத்துச்சிம்மா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அது சத்தம் போடுதுன்னு சொல்லியிருப்பா. நிறுத்தச் சொல்லியிருப்பா. நிறுத்தாதப்பா. அவளுக்குத் தெரியாம வந்திருக்கேன். நீ எத வேணாலும் பண்ணு, அந்த மூச்ச மட்டும் நிறுத்திடாத."

செம்மல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்த அம்மாள் குடிக்கவில்லை, பேசினார். மகனுக்கு இளைப்பு வந்த கதையைச் சொன்னார்.

"நிமிந்து படுத்தா மூச்சு முட்டுதுன்னு குப்புறவே படுத்திருப்பான். முதுகு நெருப்பா கொதிக்கும். நான் திருநீற அள்ளி முதுகு பூரா தடவி, ஊதிக்கினே இருப்பேன். கொஞ்சம் அடங்கும். அடங்குதே, அடங்குதேன்னு மூணு நாளு நானே வச்சிக்கினேன். நாலாவது நாளுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மொத நாளே வந்திருக்கலாமேன்னாரு டாக்டரு. அவ்ளோதான் சொன்னாரு. எம்மருமவ இன்னி வரைக்கும் ஒரு வார்த்த கேக்கலப்பா. கேட்டுட்டான்னாகூட தேவல."

வெளியே ஒரு காகம் கத்தியது. கமலா அம்மாளின் கை துண்டின் மேல் போய் நின்றது.

"போன மாசம் இது மறுபடி எழுந்துச்சி. அவனாட்டமே மூச்சு வுட்டுது. அவளும் சாயந்தரம் வேல முடிஞ்சா, சூடு ஆறட்டும்னு இத குப்புறத்தான் கவுத்து வக்கிறா. தொட்டுப் பாத்தேன், அதே ஜொரம். மனசு கேக்கல தம்பி. வெளக்கு வச்சதும் தெனமும் திருநீறு தடவி, காத்து வர்ற அந்தச் சந்துக்குள்ள ஊதிட்டுத்தான் படுப்பேன். ஆனா எளைப்பு அதிகமாத்தான் ஆவுது. ஏன்னு தெரியல."

அந்த வாசனையின் பெயர் அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. செம்மலுக்கும் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அந்த மெல்லிய குரலில் கேட்டார்: "அம்மா, இது மூச்சு இல்ல. எளைப்பு. கஷ்டப்பட்டு இழுக்குது. இப்படியே வுட்டா ரெண்டு நாள்ல நின்னுடும். எளைப்பு தீந்தா சத்தமும் போயிடும். உங்களுக்கு எது வேணும்?"

அந்தத் தாயின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் வரவில்லை. முனகல்போல ஒரு குரல் மட்டும் கேட்டது. "தீத்து வுடுப்பா. எளைக்க வேணாம். போதும், எம்புள்ள எளைச்சது."

தேவதாஸ் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். கமலா அம்மாள் வாசல் பக்கம் உட்கார, அவர் படியில் போய்க் குந்தினார்.

எந்திரத்துக்கு உரியவனைப் பெற்ற தாயே எதிரில் இருந்ததால், செம்மல் மேனகாவுக்காகக் காத்திருக்கவில்லை. பத்துத் திருகாணிகள். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பாட்டில் மூடியில் போட்டார் செம்மல். அடி மூடியைத் தூக்கினார். அவர் போட்ட பென்சில் குறி, தேதியும் 'செ'யும், கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் வெண்சாம்பல் மூடியிருந்தது. விசிறியின் ஒவ்வொரு இறகுக்கும் நடுவில், சூட்டை வெளியேற்றும் செப்புக் குழாயின் சீப்புப் பற்களில், எங்கும் அதேதான். வேர்வைக் கை பட்டு ஈரமாகி, காய்ந்து, கெட்டிப்பட்ட திருநீறு. ஒரு மாதத்துத் திருநீறு.

அவர்மேல் தப்பே இல்லை என்பதற்குச் சாட்சி கண்ணெதிரே கிடந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் எப்படிச் சாடுவார் என்பது எனக்குத் தெரியும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சாடவில்லை. சின்னத் தூரிகையால் மெல்ல மெல்லச் சுரண்டி, எல்லாவற்றையும் இடது உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். வெள்ளைத் தாளை எடுக்கவில்லை. கடைசிப் பொடியும் வந்தபிறகு, கை நிறையச் சாம்பலோடு, எரியூட்டிய மறுநாள் காலையில் சுடுகாட்டில் நிற்கும் ஒருவனைப்போல அப்படியே நின்றார்.

"ஒன்னும் பேச மாட்டேங்குறியேப்பா. உள்ள இன்னா இருந்துச்சி?" கமலா அம்மாள் எழுந்தார். கண் சுவரில் தொங்கிய அட்டைக்குப் போனது, எழுத்துக்கூட்டிப் படித்தார். "பாத்துட்டுப் போவணும்னு போட்டிருக்கே." மேசையை நோக்கி வந்தார்.

அதே நேரம் வாசலில் மேனகாவும் வந்து நின்றாள். "அத்தை? நீங்க எங்க இங்க?"

கமலா அம்மாள் திரும்பவில்லை. அவர் பார்வை செம்மலின் முகத்தில் இருந்தது.

"நான் தடவுனதாலயாப்பா? அதான் எளைச்சுதா?"

இந்த ஒரு கேள்வியை அந்த அம்மாள் ஒன்றரை வருடமாக யாரிடமோ கேட்கக் காத்திருந்தார். அது வந்து விழுந்த இடம் இந்தக் கடை.

செம்மலின் இடது கை முதுகுக்குப் பின்னால் போனது.

"இல்லம்மா," என்றார். "நீங்க தடவுனது ஒன்னும் பண்ணல. என் தப்பு. ரேம் போட்ட அன்னிக்கி ஒரு திருகாணிய ஒழுங்கா முடுக்காம வுட்டுட்டேன். அது வெசிறியில ஒரசிக்கினே இருந்திருக்கு. உங்க மருமவ காலையிலயே சொல்லிச்சி. நான்தான் ஒத்துக்கல."

"அட, தொக்தேர்!" படியிலிருந்து தேவதாஸ் கைதட்டினார். "அப்ப நோணாங்குப்பத்துக்கு எப்ப கெளம்பற? தூண்டில் நான் வாங்கித் தரேன்!" சந்து முழுக்க இன்று மாலைக்குள் சேதி போய்விடும். அவர் வாய் அப்படி.

மேனகா மேசைக்கு வந்தாள். கறுப்பு விரிப்பில் சிதறியிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். முகர்ந்தாள். மாமியாரின் கைப் பட்டைகளைப் பார்த்தாள். பிறகு செம்மலைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்பதுபோல.

அவள் கண் நிரம்பியது. ஆனால், வாயைத் திறந்தபோது வந்தது சண்டைக் குரல். "நான் சொன்னேன்ல ண்ணா! இத்தினி வருசமா தொழில் பண்றீங்க, ஒரு திருகாணி முடுக்கத் தெரியல. எங்க அத்தைய இந்த வெயில்ல நடக்க வுட்டீங்க பாருங்க!" திட்டிக்கொண்டே புறங்கையால் விரிப்பை வழித்துச் சுத்தம் செய்துவிட்டாள்.

செம்மல் வலது கையாலேயே இழுப்பறையைத் திறந்து, பழைய திருகாணி ஒன்றை எடுத்து மருந்து உறையில் போட்டுக் கமலா அம்மாளிடம் நீட்டினார். "இதாம்மா அது." அந்த அம்மாள் உறையைப் பிரித்து, திருகாணியை உள்ளங்கையில் வைத்து, உலகத்தில் இல்லாத பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இடது கையில் இருந்ததை மேசைக்கடியில் இன்னொரு மருந்து உறைக்குள் சேர்த்துவிட்டார். மூடியாயிற்று. இயக்கியாயிற்று. திரை எரிந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எந்தச் சத்தமும் இல்லை. செம்மல் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜொரம் வுட்டுடுச்சி" என்றார். "மேனகாம்மா, இனிமே குப்புறக் கவுத்து வைக்காத. எப்பவும் நிமித்தியே வையி."

கமலா அம்மாள் குனிந்து, செம்மல் செய்வதைப் போலவே, காதை அதன்மேல் வைத்தார். கண்ணை மூடினார். நாங்கள் யாரும் அசையவில்லை.

"எளைப்பு நின்னுடுச்சா தம்பி?"

"நின்னுடுச்சிம்மா."

"இனிமே வராதுல்ல?"

"வராது."

அந்த அம்மாளின் தோள்கள் கீழிறங்கின. நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது. அது யாருடைய மூச்சு என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அப்படித்தான் இருந்தது அந்த நேரம்.

மேனகா துண்டை உதறி மடிக்கணினியைச் சுற்றி, இம்முறை மார்போடு அணைத்துக்கொண்டாள். செம்மலால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை போலும். மின்விசிறியைப் போடுகிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பினார். விசையைத் தட்டினார், விசிறி சுற்றத் தொடங்கியது, அவர் திரும்பவில்லை.

அப்போதுதான் பார்த்தோம். அவருடைய கறுப்புச் சட்டையின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஐந்து வெள்ளை விரல்கள். யாரோ பின்னாலிருந்து கைவைத்துத் தடவிவிட்டுப் போனதுபோல.

மேனகா மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள். கமலா அம்மாள் வரவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மருந்து உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு எட்டு வைத்து அவர் பின்னால் போய் நின்றார். தன் உள்ளங்கையை அந்த வெள்ளைக் கையின்மேல் பொருத்தி ஒருமுறை தடவினார். குனிந்து, உதட்டைக் குவித்து, அந்த முதுகின்மேல் மெல்ல ஊதினார்.